மாயக்கதை மேசையில் விதியும் வேடமும்

மாயக்கதை ஆட்டம் என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம். அதில் ஒருவர் நடத்துநர். ஆட்டக்காரர் வழக்கில் 'டிஎம்'. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. காட்டுக்குள் என்ன இருக்கிறது, கதவைத் திறந்தால் யார் நிற்கிறார் என்பதை நடத்துநர் சொல்வார். 'கதவில் காது வைத்துக் கேட்கிறேன்' என்பார் ஆட்டக்காரர். கேட்டதா இல்லையா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். பாத்திரத்தின் வலிமை, அறிவு, கையிருப்புப் பொன், பட்ட காயம் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். இந்த வகையில் முதன்முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

வீட்டில் நண்பர்கள் ஆடும்போது விதி பற்றிய சண்டை பெரிதாவதில்லை. புத்தகத்தில் பாதியை விட்டுவிட்டு ஆடினாலும் கேட்பாரில்லை. தாயம் ஆடும் வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம். அடுத்த வீட்டில் அந்தக் கட்டாயம் கிடையாது. உட்காரும்போதே 'எங்க வீட்ல வெட்டணும்' என்று சொல்லிவிட்டால் தகராறு முடிந்தது. ஆனால் ஒரே பாத்திரத்தோடு இன்று இந்த ஊர் மேசையிலும், அடுத்த மாதம் முன்பின் அறியாதவர்களோடு வேறோர் ஊர் மேசையிலும் ஆடலாம் என்ற ஏற்பாடு வந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கே 'எங்க வீட்ல' என்ற பேச்சு எடுபடாது. இந்த ஏற்பாட்டுக்கு அமைப்புவழி ஆட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அதன் வேர் போட்டிகளில் இருக்கிறது. 1975இல் அமெரிக்காவின் ஒரிஜின்ஸ் மாநாட்டில், கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறைக் கதை போட்டியாக நடத்தப்பட்டது. அடிக்கு அடி பொறி வைத்த கதை அது. 1980இல், கைகாக்ஸின் ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் ஆர்பிஜிஏ என்ற ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கியது. 1987இல் 'லிவிங் சிட்டி' என்ற பெயரில், பலரும் ஒரே கற்பனை நகரத்தில் ஆண்டுக்கணக்காக ஆடும் தொடராட்டம் வந்தது. 2000 முதல் 2008 வரை நடந்த 'லிவிங் கிரேஹாக்' இன்னும் ஒரு படி மேலே போய், நிஜ உலகின் நாடுகளையும் மாநிலங்களையும் கற்பனை உலகின் பகுதிகளோடு இணைத்தது. அந்தந்த வட்டாரத் தன்னார்வலர்களே அந்தந்தப் பகுதிக்கான கதைகளை எழுதினார்கள். 2008இல் பெய்ஸோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர் சொசைட்டி'யும் 2014இல் 'அட்வென்ச்சரர்ஸ் லீக்'கும் தொடங்கின.

ஏறத்தாழ 50 ஆண்டுகளாக இந்த மேசைகளில் எழும் கவலைகள் இரண்டு ஊற்றிலிருந்து வருகின்றன. ஒரே செயலுக்கு ஒரு மேசையில் ஒரு தீர்ப்பும் மறு மேசையில் வேறு தீர்ப்பும் கிடைத்தால் அது நியாயமா என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் விதி எழுதிவிட்டால் பாத்திரமாக மாறிப் பேசவும் நடக்கவும் இடம் எங்கே என்பது மற்றொன்று. ஆட்டக்காரர்கள் ஒரே காரணத்துக்காக மேசைக்கு வருவதில்லை என்பதை 1980லேயே கிளென் பிளேகோ ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பாத்திரத்தின் பலத்தைப் பெருக்க வருபவர், வேடத்தில் வாழ வருபவர், தந்திரப் போருக்காக வருபவர், கதைக்காக வருபவர் என்று நான்கு வகையாக அவர் பிரித்தார். வீட்டு மேசையில் ஒத்த மனத்தினர் கூடுவார்கள். அமைப்புவழி மேசையில் நான்கு வகையினரும் பெயர்ப் பதிவு வரிசைப்படி வந்து அமர்வார்கள்.

படைப் பயிற்சியில் பிறந்த வழக்கு

இந்த வழக்கு மாயக்கதை ஆட்டத்தைவிட வயதில் மூத்தது. பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நிலவரைபடத்தின் மேல் சிறு கட்டைகள் படைப்பிரிவுகளாக நகரும்; சேதத்தைப் பகடையும் அட்டவணையும் சொல்லும்; இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் அமர்ந்திருப்பார். ஆட்டக்காரர்கள் தளபதிகளாகத் தங்களைப் பாவித்து நடுவரிடம் உத்தரவு எழுதிக் கொடுப்பார்கள். விதியும் வேடமும் அங்கேயே ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டன.

காலப்போக்கில் அட்டவணைகள் பெருத்தன. ஒரு நகர்வின் விளைவைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அதிகாரிகளின் பொறுமை தீர்ந்தது. 1873இல் மெக்கெல் என்ற அதிகாரி இந்தக் குறைகளை வரிசைப்படுத்தினார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னோர் அதிகாரி, அட்டவணைகளையே பெரும்பாலும் தள்ளிவிட்டு, போரனுபவம் உள்ள நடுவரின் தீர்ப்பை நம்பினால் போதும் என்று எழுதினார். அது முதல் இறுக்கமான ஆட்டம், தளர்ந்த ஆட்டம் என இரண்டு வழிகள் உண்டாயின. இறுக்கமான ஆட்டத்தில் நடுவர் வெறும் கணக்கர். தளர்ந்த ஆட்டத்தில் அவர் சொல்வதே சட்டம்; அவருக்கு அனுபவமோ நடுநிலையோ இல்லாவிட்டால் ஆட்டம் கெட்டது. இன்று எந்த மேசையில் எழும் முறையீட்டையும் இந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடலாம்.

டேவிட் வெஸ்லி 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடத்திய 'பிரான்ஸ்டைன்' ஆட்டத்தில் ஆட்டக்காரர்களுக்குப் படைகளுக்குப் பதிலாகத் தனி மனிதப் பாத்திரங்கள் கிடைத்தன. எதிர்பாராத செயல்களுக்கு நடுவரே விடை சொன்னார். ஆர்னெசன் அந்த வழியில் வந்தவர். கைகாக்ஸோ விதிகளை நுணுக்கி எழுதுபவர். 1970களின் இறுதியில் 'அட்வான்ஸ்டு' பதிப்பை அவர் வெளியிட்டபோது, எல்லா ஊரிலும் ஆட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், போட்டிகள் நடத்த வசதியாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. விதிப்புத்தகம் தடித்ததற்கு அமைப்புவழி ஆட்டமும் ஒரு காரணம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஊட்டி கிளப் சுவரில் ஒட்டிய தாள்

அந்நியர்கள் கூடும் மேசைக்கு எழுத்து வடிவ விதி ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் நீலகிரியிலேயே உலகறிந்த சான்று ஒன்று உண்டு. மேசையில் ஆடும் வேறொரு ஆட்டமான ஸ்னூக்கரின் கதை அது.

1875இல் ஜபல்பூர் படை முகாமில் மழைக்காலப் பொழுதைப் போக்க பில்லியர்ட்ஸ் மேசையில் பலவகைப் பந்தாட்டங்கள் நடந்தன. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அங்கே ஆடப்பட்ட 'பிளாக் பூல்' ஆட்டத்தில் மேலும் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு சேம்பர்லின்.) எளிய பந்தைக் குழியில் போடத் தவறிய ஒருவரை அவர் 'ஸ்னூக்கர்' என்று அழைத்தார். உல்விச் படைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக அழைக்கும் சொல் அது. இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்ற பேச்சில் ஆட்டத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

அப்போது ஆட்டம் முகாமுக்கு முகாம் மாறியது. சேம்பர்லின் 1881இல் சென்னை மாகாணப் படைத் தலைவர் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் ஒருவராக ஊட்டிக்கு வந்தார். கோடைக்கு மலையேறும் அதிகாரிகள் பல படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் முகாமின் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறையிலேயே ஒட்டப்பட்டன. லண்டனின் பில்லியர்ட்ஸ் சங்கம் ஸ்னூக்கருக்கு விதிகளை வெளியிட்டது 1900இல்தான். ஆட்டத்தின் பிறப்பு பற்றிச் சர்ச்சை எழுந்தபோது, 1938இல் முதுமையடைந்திருந்த சேம்பர்லின் 'தி ஃபீல்ட்' இதழுக்குக் கடிதம் எழுதித் தம் பங்கைப் பதிவு செய்தார்.

இதில் கவனிக்க வேண்டியது விதி எழுதப்பட்ட இடம். தலைமை அலுவலகம் எதுவும் அதை அனுப்பவில்லை. ஆடுபவர்களே எழுதி, ஆடும் அறையிலேயே, அனைவர் கண்ணிலும் படும்படி ஒட்டினார்கள். தாள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது, சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்த்தால் போதும். அதே நேரம் அந்த அறைக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அது ஆங்கிலேயரின் கிளப். அந்த மலையின் தோடருக்கோ படகருக்கோ கோத்தருக்கோ, தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழருக்கோ அங்கே ஆட்டக்காரராக இடமில்லை. சுவரில் தெளிவாக ஒட்டியிருக்கும் விதி ஆடுபவர்களுக்கு இடையே நியாயம் செய்யும்; யார் ஆடலாம் என்ற கேள்விக்கு அது தானாக விடை தராது. அமைப்புவழி ஆட்டத்திலும் இந்த இரண்டாவது கேள்வி இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

மையத்தின் விதி வட்டார விதியை விழுங்கும்போது என்ன நேரும் என்பதற்குச் சதுரங்கமே சாட்சி. பழைய இந்திய ஆட்டமுறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும். அந்த முறையில் வளர்ந்த மீர் சுல்தான் கான், மேற்கத்திய விதியைப் புதிதாகக் கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். சர்வதேச மேசையில் ஆட அவர் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பொது விதி இல்லாவிட்டால் அந்தப் பட்டங்கள் இல்லை. பொது விதி வந்ததால் பழைய முறை ஊர்த் திண்ணைகளோடு ஒடுங்கியது. இரண்டும் உண்மை.

நாவன்மையும் பகடையும்

விதிக்கும் வேடத்துக்கும் இடையிலான மோதல் மிகக் கூர்மையாக வெளிப்படுவது வாள்சண்டையில் அல்ல. பேச்சில்தான் அது வெளிப்படும்.

ஒரு காட்சி: கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது. காவலாளி திறக்க மாட்டேன் என்கிறார். திருடர் பாத்திரத்தை ஏற்றிருக்கும் பெண், 'அண்ணே, ரெண்டு நாளா மழையில நடந்து வர்றோம். புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. திண்ணையில ஒதுங்கிக்கிறோம், விடிஞ்சதும் போயிடுறோம்' என்கிறார். குரல் உடைகிறது. மேசையில் பேச்சு மூச்சில்லை. நடத்துநர் 'ரோல் பண்ணுங்க' என்கிறார். பகடை உருண்டு 3இல் நிற்கிறது. கதவு திறக்காது.

அடுத்த வாரம் அதே கதை, வேறு மேசை. கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞர் 'காவலாளியைச் சமாதானம் பண்றேன்' என்று ஒரே வரி சொல்லிப் பகடையை உருட்டுகிறார். 19. கதவு திறந்துவிடுகிறது.

முதல் மேசையில் இருந்தவர்கள் இதைக் கேட்டால் கொதிப்பார்கள். வேடத்தில் கரைந்து பேசிய பேச்சுக்கு மதிப்பே இல்லையா என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆனால் பகடையை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் தீர்ப்பாக வைத்தால் அந்த இளைஞர் என்ன செய்வார்? வாள்வீரராக ஆடுபவருக்கு நிஜத்தில் வாள் சுழற்றத் தெரிய வேண்டியதில்லை. நாவன்மை மிக்க பாத்திரத்தை ஆடுபவருக்கு மட்டும் நிஜத்தில் நாவன்மை வேண்டும் என்பது என்ன நீதி? திக்குவாய் உள்ளவர், மேசை மொழியில் சரளம் இல்லாதவர், நான்கு பேர் நடுவில் வாய் திறக்கத் தயங்குபவர் அனைவருக்கும் அந்த 20 முகக் கட்டை ஒரு காவல். விதி நீங்கினால் முதலில் ஒதுங்குபவர்கள் அவர்களே. குழந்தைகள் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளப்படும் பிள்ளையைப் போல் அவர்கள் மேசையில் இருப்பார்கள், ஆட்டத்தில் இருக்க மாட்டார்கள்.

ஆர்பிஜிஏ போட்டிகளில் சிறந்த ஆட்டக்காரரை மேசையில் இருப்பவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. வேடத்துக்கு மதிப்பு கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. குரல் உயர்ந்தவருக்கும் முகம் தெரிந்தவருக்கும் ஓட்டு விழ வாய்ப்பு கூடுதல் என்பது அதன் பலவீனம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014 பதிப்பு வேறு வழி பார்த்தது. பாத்திரத்தின் குணத்துக்கும் குறைபாட்டுக்கும் பொருந்த நடந்துகொள்பவருக்கு நடத்துநர் 'இன்ஸ்பிரேஷன்' என்ற சலுகையைத் தரலாம். அதைச் செலவிட்டால் ஒருமுறை இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பேச்சு பகடையை நீக்காது, பகடைக்குத் துணை நிற்கும். இதுவரை வந்த தீர்வுகளில் இது மேலானது.

அதற்கு மேலும் ஒன்று நடத்துநர் கையில் இருக்கிறது. பகடை 3 விழுந்ததால் அந்தப் பெண்ணின் பேச்சு மோசம் என்று ஆகிவிடாது. காவலாளி மனம் இளகி, கதவிடுக்கு வழியே ஒரு சட்டி கஞ்சி நீட்டலாம். ஆனால் சாவி தளபதியின் இடுப்பில் இருக்கலாம். கதவு திறக்கவில்லை என்ற விதியின் தீர்ப்பும் நின்றது, பேச்சுக்கு மரியாதையும் கிடைத்தது. எந்தப் புத்தகமும் இதை வரிக்கு வரி சொல்லித்தர முடியாது. நல்ல நடத்துநரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கை அது.

முடிவு தெரிந்த கதை

அமைப்புவழி ஆட்டத்தில் கதை முன்கூட்டியே எழுதப்பட்டு வரும். பெரும்பாலும் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்த குழு வாசலில் காத்திருக்கும். ஆட்டக்காரர்கள் கோட்டையை விட்டுவிட்டு ஆற்றோரம் மீன் பிடிக்கப் போனால் நடத்துநர் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தாக வேண்டும். 'தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள்' என்பது ஆட்டக்காரர்களின் பழைய புகார்.

புகாரில் பாதி சரி. மீதியைத் தமிழ் வாசகர் தெருக்கூத்தை வைத்து எடைபோடலாம். 'கர்ண மோட்சம்' பார்க்க வரும் ஊராருக்குக் கர்ணன் சாவான் என்பது தெரியும். கர்ணனைக் கட்டும் கூத்தருக்கும் தெரியும். முடிவை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. அப்படியிருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டும் அடவும் வரையறுக்கப்பட்டவை. வசனத்தில் கூத்தருக்குச் சுதந்திரம் உண்டு. கட்டியங்காரன் கதைக்குள்ளும் வெளியிலும் நடமாடி, அன்றைய ஊர் நடப்பை இழுத்து வந்து பேசி, கதையைத் தள்ளிச் செல்கிறார். மாயக்கதை மேசையின் நடத்துநருக்கு நம்மிடையே நெருங்கிய உறவினர் அவர்தான். முடிவு முன்பே எழுதியிருப்பதால் மட்டும் வேடம் சாவதில்லை. போர்க்களம் போகுமுன் கர்ணன் பொன்னுருவியோடு பேசும் நேரம் போன்ற ஒன்றைக் கொடுக்காமல், சண்டைக்குப் பின் சண்டையாக அடுக்கி 4 மணி நேரத்தை நிரப்பும் கதைகளில்தான் வேடம் மூச்சுத் திணறுகிறது. குறை கதையாசிரியரிடமும் நேர ஒதுக்கீட்டிலும் இருக்கிறது.

பாத்திரங்களின் குணத்துக்குப் போடப்படும் வேலியும் இங்கே சேரும். பாத்ஃபைண்டர் சொசைட்டி தீய குணப் பாத்திரங்களை ஏற்பதில்லை. ஆட்டக்காரர் ஒருவர் மற்றவரின் பாத்திரத்தைத் தாக்குவதையும் தடுக்கிறது. வேடத்தின் சுதந்திரத்தைப் பறிக்கும் விதி என்று சிலர் குறைப்படுவதுண்டு. கொலைகாரனை ஆட விரும்பும் ஒருவர் தம் வீட்டு மேசையில் ஆடிக்கொள்ளலாம். பள்ளி மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பக்கத்தில் அமரக்கூடிய பொது மேசையில் அந்த வேலி தேவை. இதன் தொடர்ச்சியாகவே, ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' பரவியது. மேசை நடுவில் பெருக்கல் குறியிட்ட ஒரு அட்டை. கதை ஒருவரால் தாங்க முடியாத இடத்துக்குப் போனால் அவர் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சி மாறும். ஒரு அட்டையளவு விதி அது. ஆழமான வேடங்களுக்கு மேசையில் துணிச்சல் வந்ததில் அதற்குப் பங்குண்டு.

கணக்கேடும் புத்தகமும்

மேசை விட்டு மேசை போகும் பாத்திரத்துக்குக் கணக்கேடு வேண்டும். லிவிங் கிரேஹாக்கில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆண்டுக்கு 52 கால அலகுகள். ஒவ்வொரு கதைக்கும் அதில் கழியும். கிடைத்த பொன்னும் பொருளும் சான்றுத் தாளில் ஏறும். சான்று இல்லாமல் மாயவாளைக் காட்டினால் எந்த மேசையும் ஒப்புக்கொள்ளாது. அழுகுணி ஆட்டத்தைத் தடுக்க இதைத் தவிர வழியில்லை. ஆனால் ஏடு கதையை மிஞ்சும்போது ஆட்டக்காரர் மனம் கசக்கிறது. 2018இல் அட்வென்ச்சரர்ஸ் லீக், கதையில் கண்டெடுக்கும் பொருளைப் பாத்திரம் நேராக வைத்துக்கொள்ளும் முறையை நிறுத்தி, ஆடிய நேரத்துக்குப் புள்ளி கொடுத்து, புள்ளியைக் கொண்டு பொருள் வாங்கும் முறையைப் புகுத்தியது. கணக்கு சீரானது. குகையின் ஆழத்தில் பெட்டியைத் திறந்து கண்ட பொன் கைக்கு வரவில்லை என்றால் பெட்டியைத் திறப்பானேன் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். எதிர்ப்புக்குப் பின் அடுத்தடுத்த பருவங்களில் விதி மாறியது. கதைக்குள் நியாயமாகத் தோன்றாத விதி, கணக்கில் எவ்வளவு நேராக இருந்தாலும் நிலைப்பதில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று இது.

புத்தகங்களின் எண்ணிக்கை அடுத்த பிரச்சினை. புதிய புத்தகம் வரவர, விதிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து அசாத்திய பலம் கொண்ட பாத்திரத்தைக் கட்டுபவர்கள் வருவார்கள். ஒரு புத்தகம் மட்டும் வைத்திருப்பவரின் பாத்திரம் பக்கத்தில் பொம்மையாக நிற்கும். அட்வென்ச்சரர்ஸ் லீக் பல பருவங்களுக்கு 'அடிப்படைக் கையேடும் இன்னும் ஒரே ஒரு புத்தகமும்' என்ற வரம்பு வைத்திருந்தது. பலம் பெருக்குபவர்கள் அதை வெறுத்தார்கள். நடத்துநர்களுக்கு அது நிம்மதி. அயல்நாட்டு விலைக்குப் புத்தகம் வாங்க வேண்டிய இந்திய ஆட்டக்காரருக்கு அது சம வாய்ப்பும்கூட. 2023 ஜனவரியில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் உரிம மாற்றத்துக்கு எதிராக ஆட்டக்காரர்கள் திரண்ட பிறகு, அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பு பொது உரிமத்தில் வெளியிடப்பட்டது. இன்று அந்த அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். தமிழுக்கு இது திறந்திருக்கும் கதவு.

இதே ஆட்டத்தில் பிறப்பும் விதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. குள்ளர், எல்ஃப், ஆர்க் என்று பிறந்த இனத்தைக் கொண்டே பாத்திரத்தின் வலிமையும் அறிவும் குணமும் கூடிக் குறைந்தன. 2020இல் வந்த துணை நூல் அந்தக் கூட்டல்களை ஆட்டக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 2024 கையேடு 'இனம்' என்ற சொல்லையே மாற்றிவிட்டது. மரபை மாற்றுவதா என்று முறையிட்டவர்கள் உண்டு. பிறப்பைக் கொண்டு குணமும் தகுதியும் கற்பித்த சமூகத்தில் அடிபட்டு எழுந்த தமிழ் வாசகருக்கு இந்த மாற்றத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

எல்லை ஊரின் மேசை

நீலகிரியின் கேரள எல்லையோரம் இருக்கும் நடுகாணி, கூடலூரிலிருந்து போகும் சாலை பிரியும் ஊர். ஒரு கிளை மலைச்சரிவில் இறங்கி வழிக்கடவு வழியாக நிலம்பூருக்குப் போகிறது. மறு கிளை தேவாலா, பந்தலூர் வழியாக வயநாட்டுப் பக்கம் போகிறது. பணியர், குறும்பர் போன்ற பழங்குடியினரும், வயநாடன் செட்டிகளும், மலையாளிகளும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த தமிழரும் வாழும் வட்டாரம் இது. பொது மேசையின் சிக்கலை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில் 'இருபத்தெட்டு' ஆடுவார்கள். இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், 'முந்நூற்று நாலு' ஆடுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஜாக்கியே பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ஆனால் முதலாவதில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1 என நான்கு வண்ணமும் சேர்ந்து 28. இரண்டாவதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என மொத்தம் 304. நிலம்பூர் வழக்கம் அறிந்தவரும் யாழ்ப்பாண வழக்கம் அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒருவர் வீசும் ராஜா மற்றவர் கணக்கில் செல்லாக்காசு. சீட்டைக் கலைக்குமுன் பேசித் தீர்க்க வேண்டும். பேசினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேசாமல் ஆடினால் நட்பு முறியும்.

மாயக்கதை மேசைக்கு மொழி என்ற இன்னொரு அடுக்கும் உண்டு. விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ஆர்மர் கிளாஸ்', 'சேவிங் த்ரோ' என்று எண்களை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ என்று நாம் சொல்லாததா. வேடம் அப்படி இரவல் மொழியில் நிற்காது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் சத்திரக்காரரிடம் வாய் திறக்கும்போதே 'நீ'யா 'நீங்க'ளா, 'அண்ணே'யா 'ஐயா'வா 'தம்பி'யா என்று முடிவு செய்தாக வேண்டும். ஓர் இளவரசி பாத்திரம் கிழட்டுப் படகோட்டியைப் 'பெரியவரே' என்று அழைத்தால் அவர் ஒரு விதம். 'ஏய்' என்று அழைத்தால் அதே இளவரசி வேறொரு மனுஷி. ஒரே சொல்லில் வயதும் உறவும் அதிகாரமும் பணிவும் வந்துவிடுகின்றன. தாளில் எழுதிய எண் எதற்கும் இந்த வலு கிடையாது. தமிழில் ஆடும் மேசைக்கு வேடத்தை வளர்க்கத் தனி விதி தேவையில்லை. தமிழில் பேச விட்டால் போதும். ஆனால் அதே சொற்கள் நிஜ வாழ்க்கையின் சாதி, பால் வேற்றுமைகளையும் சுமந்து வரும். பாத்திரம் பாத்திரத்தை அதட்டுவது வேறு, ஆள் ஆளை அதட்டுவது வேறு என்ற கோட்டை நடத்துநர் காக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், விதி குறைந்தால் வேடம் தானாகத் தழைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. அறிமுகமில்லாதவர்களிடையே வேடம் தழைப்பதற்கு முதலில் அச்சம் நீங்க வேண்டும். நம் செயலுக்கு என்ன பலன் கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரிந்தால்தான் அச்சம் நீங்கும். அதற்கு விதி வேண்டும். ஆனால் அது ஊட்டி கிளப் சுவரில் இருந்ததைப் போல் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆடுபவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் நீளத்தில் இருக்க வேண்டும். புத்தகம் பேசாத இடத்தில் தீர்ப்பு யாருடையது என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பைப் போலன்றி, அறைக்கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

கூடலூர், நடுகாணி, பந்தலூர்ப் பக்கங்களிலோ தமிழ்நாட்டின் எந்த ஊரிலோ, நூலகத்திலும் கல்லூரியிலும் இப்படி ஒரு மேசை போட நினைப்பவர்கள் முதல் நாளே ஒரு தாளை எடுத்துத் தங்கள் விதிகளைத் தமிழில் எழுதுங்கள். பகடை எப்போது உருளும், பேச்சுக்கு என்ன மதிப்பு, கதை எந்த எல்லையைத் தாண்டாது, சந்தேகம் வந்தால் யார் சொல்வது முடிவு: நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, புதிதாக வருபவர் கண்ணில் படும் உயரத்தில் சுவரில் ஒட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.